ஆடும் ஸ்டீரிங்கும் பழகிவிடும் கைகளும்

எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், வாகனமோட்டும் உரிமத்துக்குப் பதிவு செய்வதுதான். 17 வயதில் வகுப்புக்குப் போகிறோம். கொஞ்ச நாளில் காரின் முன்னும் பின்னும் ‘பி’ ஒட்டிக்கொண்டு சாலைக்கு வந்துவிடுகிறோம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் வீட்டிலுள்ள பழைய கார் நம் கைக்கு வருகிறது. அப்பா புதிதாக ஒன்று வாங்கியிருப்பார், அல்லது அண்ணன் வேலையில் சேர்ந்து வேறு கார் எடுத்திருப்பார். மிச்சமிருக்கும் மைவி, விவா, கஞ்சில், வீரா எல்லாம் மாணவர் கார்களாகிவிடுகின்றன.

கஞ்சில் உற்பத்தி 2009இல் நின்றுவிட்டது. முதல் தலைமுறை மைவி 2005இல் வெளிவந்தது. முதன்முதலில் வந்த மைவிகளுக்கும் இப்போது அவற்றை ஓட்டும் எங்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தக் கார்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவை இல்லையென்றால் எங்களில் பாதிப் பேருக்குப் பயிற்சிப் பணிக்குப் போக வழியில்லை, தீபாவளிக்கு வீட்டுக்குப் போகவும் வழியில்லை. நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கார்களின் ஸ்டீரிங் சரியாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்த்தது யார்? எப்போது?

பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கத் தெரிந்துகொள்வது காரோட்டும் ஒவ்வொரு மாணவரின் பொறுப்பு, மாணவியரின் பொறுப்பும்தான் என்பது என் கருத்து. அதற்கு இயந்திரவியல் பட்டம் தேவையில்லை. கையும் காதும், கூட ஒரு நண்பரும் இருந்தால் போதும்.

லாரிக்கு உண்டு, காருக்கு இல்லை

என் அப்பா லாரி ஓட்டுநர். நம் நாட்டில் லாரி போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். தேதி நெருங்கும்போதெல்லாம் அப்பா கவலையோடு இருப்பார். பிரேக், டயர், விளக்கு, ஸ்டீரிங் எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவைப்பார். தேறாவிட்டால் வண்டி ஓடாது, வண்டி ஓடாவிட்டால் வருமானம் இல்லை.

அதே வீட்டு வாசலில்தான் நான் ஓட்டும் காரும் நிற்கிறது. நெடுஞ்சாலையில் அதை மணிக்கு 110 கிலோமீட்டர் வரை ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது என்னோடு நான்கு தோழிகளும் அதில் இருப்பார்கள். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக் கார்களுக்கு லாரியைப் போல ஆறு மாதத்துக்கொரு முறையோ வருடத்துக்கொரு முறையோ கட்டாயப் பரிசோதனை கிடையாது. காரை விற்றுப் பெயர் மாற்றும்போது பரிசோதனை உண்டு. அப்பா பெயரிலேயே இருக்கும் காரை மகள் ஓட்டிக்கொண்டு போனால் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை. சாலை வரியையும் காப்புறுதியையும் புதுப்பித்தால் போதும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் நிலைமை வேறு. மூன்று முதல் பத்து வயது வரையிலான கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதைத் தாண்டியவற்றை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதை அப்படியே இங்கும் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பழைய காரை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அது கூடுதல் செலவு. அது வேறொரு விவாதம். சட்டம் பார்க்கச் சொல்லாத இடத்தில் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கை ஏன் கண்டுகொள்வதில்லை?

டயர் பஞ்சரானால் உடனே தெரியும். பேட்டரி செத்தால் காலையிலேயே தெரியும். ஸ்டீரிங் தேய்மானம் அப்படித் திடீரென்று வருவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இன்று ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் கூடினால், நாளைக்கு நம் கை அதற்கேற்ப ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் திருப்பப் பழகிக்கொள்கிறது. ‘இந்தக் கார் இப்படித்தான்’ என்று மனமும் சமாதானமாகிவிடுகிறது.

காரைத் தினமும் ஓட்டுபவருக்குத் தெரியாத கோளாறு, ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டுபவருக்கு முதல் வளைவிலேயே தெரிந்துவிடுவது இதனால்தான். “என்னடா, உன் ஸ்டீரிங் இப்படி லொங்காரா இருக்கு?” என்று நண்பர் கேட்டால் சிரித்து மழுப்பிவிடாதீர்கள். அவருடைய கை உங்கள் காருக்கு இன்னும் பழகவில்லை. அந்தக் கை சொல்வதை நம்பலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

கோளாறைக் கண்டுபிடிக்க, நம் கையிலிருந்து டயர் வரை என்னென்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். நாம் பிடிக்கும் ஸ்டீரிங் வளையத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. நடுவில் மடங்கித் திரும்புவதற்கு அதில் மூட்டு உண்டு. தண்டின் முனையிலுள்ள சிறு பல்சக்கரம், பற்கள் வெட்டிய ஒரு நீண்ட கம்பியை இடமும் வலமுமாகத் தள்ளுகிறது. அந்தக் கம்பிதான் ரேக். ரேக்கின் இரு முனைகளிலும் ரேக் எண்ட் இருக்கிறது. அதிலிருந்து டை ரோட் போய், டை ரோட் எண்ட் வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் பாகத்தோடு சேர்கிறது. அந்தப் பாகத்தைக் கீழேயிருந்து பிடித்துக்கொண்டிருப்பது லோவர் ஆர்மும் அதன் பால் ஜாயிண்டும்.

ரேக் எண்ட், டை ரோட் எண்ட், பால் ஜாயிண்ட் மூன்றுக்கும் அமைப்பு ஒன்றுதான். ஒரு குழிக்குள் ஓர் இரும்புக் குண்டு இருக்கும், சுற்றிலும் கிரீஸ், வெளியே ரப்பர் உறை. நம் தோள்மூட்டைப் போலத்தான். கிரீஸ் இருக்கும் வரை குண்டு வழுக்கிச் சுழலும். ரப்பர் உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் உள்ளே போகும், கிரீஸ் வெளியேறும், குண்டும் குழியும் உரசித் தேயும். நம் ஊர் மழையையும் குண்டும் குழியுமான சாலைகளையும் கேட்க வேண்டுமா? தேய்மானம் முற்றினால் குண்டு குழியைவிட்டுக் கழன்றுவிடலாம். அதன்பின் அந்தச் சக்கரம் ஸ்டீரிங் சொல்வதைக் கேட்காது.

இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த விரும்பவில்லை. நம் சாலை விபத்துகளில் பெரும்பகுதிக்குக் காரணம் வேகமும் கவனக்குறைவும்தான், ஸ்டீரிங் அல்ல. ஆனால் இந்தக் கோளாறு வருவதற்கு வெகுநாள் முன்பே அறிகுறி காட்டிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டு அடிபட்டால், விதி என்று சொல்லித் தப்ப முடியாது.

கார் சொல்லும் அறிகுறிகள்

முதல் அறிகுறி வெற்று ஆட்டம். ஸ்டீரிங்கைத் திருப்புகிறோம், ஆனால் சக்கரம் உடனே திரும்புவதில்லை. இடையில் எதுவும் நடக்காத ஓர் இடைவெளி இருக்கிறது. இதை வீட்டு வாசலிலேயே அளக்கலாம். காரைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வையுங்கள். பவர் ஸ்டீரிங் உள்ள காராக இருந்தால் எஞ்சின் ஓடட்டும். நண்பர் வெளியே நின்று முன்டயரைப் பார்க்கட்டும். இரண்டு விரலால் ஸ்டீரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். டயர் அசையத் தொடங்கும் வரை வளையத்தின் விளிம்பு எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அடிக்கோலால் பாருங்கள். டொயோட்டாவின் பல கார்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடுகள் 30 மில்லிமீட்டரை உச்ச வரம்பாகச் சொல்கின்றன. வரம்பு காருக்குக் கார் மாறும். நல்ல நிலையிலுள்ள கார் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே ஆடும். போன மாதம் அளந்ததைவிட இந்த மாதம் கூடியிருந்தால், அதுவே பட்டறைக்குப் போகப் போதுமான காரணம்.

இரண்டாவது, நேர்ச்சாலையில் அலைவது. நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போதும் ஸ்டீரிங்கை இடைவிடாமல் இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் கவனியுங்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 30 மீட்டர் கடக்கிறது. ஸ்டீரிங் அரை விநாடி தாமதமாகப் பதில் சொன்னால் அதற்குள் 15 மீட்டர் போயிருப்போம். பக்கத்தில் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தால் அந்த 15 மீட்டரின் அருமை புரியும்.

மூன்றாவது, சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும், மெதுவான வேகத்தில் குழியில் இறங்கும்போதும் முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று கேட்டால் ஏதோ ஒரு மூட்டோ ரப்பர் புஷ்ஷோ தளர்ந்திருக்கிறது. எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்தாலும் இதே சத்தம்தான் வரும். அது அவ்வளவு ஆபத்தில்லாதது, மாற்றுவதும் எளிது. எது என்று கண்டுபிடிப்பது பட்டறையின் வேலை. எப்போது, எந்தப் பக்கம் கேட்கிறது என்று சொல்வது நம் வேலை. சத்தத்தோடு ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கும் கையிலும் ஒரு தட்டு உணர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு இவை எதுவும் கேட்காது. வாரத்தில் ஒரு நாளாவது ரேடியோவை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, சுவரோரமாக மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து காதில் விழும்.

நான்காவது, டயர் தேய்வது. டயரின் உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் வழுக்கையாகியிருக்கிறதா பாருங்கள். உள்விளிம்பு நின்றபடி பார்த்தால் தெரியாது. ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி, குனிந்து பார்க்க வேண்டும். பிறகு உள்ளங்கையால் டயரின் மேற்பரப்பைக் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் சக்கரத்தின் கோணம் தவறியிருக்கிறது. டை ரோட் எண்ட் தேய்ந்தாலும் கோணம் தவறும்.

ஐந்தாவது, நேராகப் போகும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்பது. அலைன்மென்ட் செய்து கொஞ்ச நாளிலேயே மறுபடி கோணலானால் அலைன்மென்ட் மீது பழி போடாதீர்கள். ஏதோ ஒரு மூட்டு நிலையாக நிற்கவில்லை என்று பொருள்.

ஆறாவது, கனம். வளைவிலிருந்து வெளியே வந்ததும் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் ஒட்டிக்கொண்டாலோ, வழக்கத்தைவிடக் கனத்தாலோ கவனியுங்கள். வீரா போன்ற பழைய கார்களில் பவர் ஸ்டீரிங் எண்ணெயில் இயங்குகிறது. எண்ணெய் குறைந்தால் திருப்பும்போது முனகும். மைவியில் இருப்பது மின்சாரப் பவர் ஸ்டீரிங். அதில் எண்ணெய் கிடையாது, கோளாறு வந்தால் மீட்டர் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரியும். எந்த வகை என்று தெரியாமல் எண்ணெய்த் தொட்டியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஸ்டீரிங் மேல் போடும் வீண்பழி

எல்லாக் கோளாறையும் ஸ்டீரிங் தலையில் கட்டினால் தேவையில்லாத செலவு வரும். மாணவர்களாகிய நமக்கு இதுவும் முக்கியம்.

வேகம் 90, 100ஐத் தொடும்போது மட்டும் ஸ்டீரிங் நடுங்கி, குறைத்ததும் நின்றுவிட்டால், பெரும்பாலும் டயர் பேலன்சிங்தான் காரணம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது ‘டக் டக் டக்’ என்று தொடர்ந்து கேட்டால், சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் மூட்டைச் சந்தேகிக்கலாம். கார் ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் டயர் காற்றைச் சரிபாருங்கள். அதற்குப் பெட்ரோல் நிலையத்தில் காசு கேட்கமாட்டார்கள். மழைநீர் வடிவதற்காகச் சாலைகளை ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிவாகவே போடுகிறார்கள். இடப்பக்கமாக ஓட்டும் நம் நாட்டில் கார் லேசாக இடப்பக்கம் நகர்வது கோளாறில்லை.

இருவர் சேர்ந்து பத்து நிமிடம்

மாதத்துக்கு ஒருமுறை, கார் கழுவும் நாளில், இதைச் செய்யலாம். கை பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக, விடாமல் அசைக்கட்டும். மற்றவர் முன்சக்கரத்துக்குப் பின்னால் கைப்பேசி விளக்கை அடித்து டை ரோட் எண்டைப் பார்க்கட்டும். நல்ல மூட்டில் கம்பியும் சக்கரத்தைத் தாங்கும் பாகமும் ஒன்றாக அசையும். தேய்ந்த மூட்டில் கம்பி முதலில் அசையும், மற்றது பிறகுதான் வரும். மூட்டின் மேல் விரலை வைத்தால் அந்த இடைவெளி ஒரு சிறு தட்டாகத் தெரியும். அப்படியே ரப்பர் உறைகளையும் பாருங்கள். விரிசல் இருக்கிறதா? கிரீஸ் சிதறிக் கறுத்திருக்கிறதா?

இன்னொரு சோதனைக்குச் சக்கரத்தை ஜேக் வைத்துத் தூக்க வேண்டும். அதைப் பட்டறையில் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். தூக்கிய சக்கரத்தைக் கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? டை ரோட் எண்ட் அல்லது ரேக் எண்ட் மேல் சந்தேகம். 12, 6 இருக்கும் இடங்களில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது சக்கர பேரிங். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் யாரும் தலையைக் கொடுக்கக் கூடாது. இதில் விளையாட்டே வேண்டாம்.

“அது ஃபோர்மேன் வேலை”

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் சொல்லும் பதில் இதுதான். மாணவிகள் என்றால் இன்னொன்றும் சேர்ந்து வரும்: “பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?” ஸ்டீரிங் பிடிப்பவர் ஆணா பெண்ணா என்று டை ரோட் எண்ட் பார்ப்பதில்லை.

பழுதுபார்ப்பது ஃபோர்மேன் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் நம் காரை ஓட்டிப் பார்ப்பது ஐந்து நிமிடம். நாம் ஓட்டுவது ஆண்டு முழுவதும். மருத்துவரிடம் போய் “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொன்னால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? பட்டறைக்குப் போய் “அங்கிள், அடா புஞ்ஞி” என்று மட்டும் சொல்வதும் அப்படித்தான். “முன்பக்கம் இடப்புறம், மெதுவாக வேகத்தடையில் ஏறும்போது மட்டும் தட்டுகிறது, இரண்டு வாரமாக இருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். அவர் நேராக அந்த இடத்தைப் பார்ப்பார். நேரம் மிச்சம், தேவையில்லாத பாகத்தை மாற்றும் செலவும் மிச்சம்.

தமிழ்ப்பள்ளியில் படித்து, தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் நமக்கு மூன்று மொழி தெரியும். ஆனால் நாம் தினமும் ஓட்டும் காரின் நான்கு பாகங்களைப் பெயர் சொல்லிக் கேட்க மூன்றில் ஒன்றிலும் வார்த்தை இல்லை. பெயர் தெரியாததால்தான் கேள்வி கேட்கத் தயங்குகிறோம். தயங்குபவரிடம் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

அப்படி அதிகம் விற்கப்படுவது அலைன்மென்ட். கார் இழுக்கிறதா, அலைகிறதா, டயர் தேய்கிறதா, எல்லாவற்றுக்கும் அதுவே மருந்தாகிவிட்டது. அலைன்மென்ட் என்பது சக்கரங்களின் கோணத்தைத் திருத்துவது. மூட்டு தளர்ந்திருந்தால் இயந்திரத்தில் திருத்திய கோணம் சாலையில் முதல் குழியிலேயே மாறிவிடும். ஆடும் மேசையின் மேல் வைத்துக் கோடு போட்டால் கோடு நேராக வருமா? ஆகவே காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: “டை ரோட் எண்ட், ரேக் எண்ட், பால் ஜாயிண்ட் எல்லாம் பார்த்துவிட்டீர்களா?” நல்ல பட்டறை இந்தக் கேள்வியை வரவேற்கும். டை ரோட் எண்டை மாற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம் தேவை. வரிசை மாறக்கூடாது என்பதுதான் விஷயம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழிந்த ரப்பர் உறையை உடனே மாற்றினால் மூட்டு பிழைக்கும். மூட்டை உரிய நேரத்தில் மாற்றினால் டயர் பிழைக்கும். எதையும் பார்க்காமல் விட்டால் இரண்டு முன்டயர்களும் ஒரே நேரத்தில் கேட்கும். உதவித்தொகை வரும் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

யார் சொல்லித்தர வேண்டும்?

உரிமத்துக்கான பயிற்சியில் ஆர்பிகே என்ற வாகனப் பரிசோதனைப் பகுதி இருக்கிறது. பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணெய், குளிரூட்டும் நீர், பேட்டரி ஆகியவற்றைக் காட்டிப் பெயர் சொல்லப் பழகுகிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் நான் படித்த வகுப்பில் ஸ்டீரிங் எவ்வளவு ஆடலாம், எவ்வளவு ஆடக்கூடாது என்று யாரும் சொல்லித்தரவில்லை. மற்ற ஊர்களில் படித்த தோழிகளைக் கேட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. அதே பகுதியில் ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். தேய்ந்த டை ரோட் எண்ட் ஒன்றையும் புதியது ஒன்றையும் மேசையில் வைத்து, மாணவர்களைக் கையால் ஆட்டிப் பார்க்கச் சொல்லலாம். பட்டறைகள் கழித்துப்போடும் பழைய பாகமே அதற்குப் போதும். ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால், தளர்ந்த மூட்டு எப்படி இருக்கும் என்பது மறக்காது.

அது நடக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் இந்திய மாணவர் கழகங்களும் பொங்கல் விழா, விளையாட்டுப் போட்டி, தன்முனைப்புப் பட்டறை என்று எத்தனையோ நடத்துகின்றன. செமஸ்டர் விடுமுறைக்கு எல்லாரும் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை, ஒரு ஃபோர்மேனை அழைத்து வாகன நிறுத்துமிடத்திலேயே இரண்டு மணி நேரம் நடத்தலாம். நம் சமூகத்தில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் லாரி, பேருந்து ஓட்டுபவர்களுக்கும் குறைவில்லை. அவர்கள் கையிலிருக்கும் அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. நாம் போய்க் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இடைநிலைப்பள்ளித் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேலை உண்டு. இன்னும் காரோட்டும் வயது வராவிட்டாலும், வீட்டுக் காரில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது காதைத் திறந்துவைக்கலாம். வேகத்தடையில் ‘டொக்’ என்றால் அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். முன்டயரின் உள்விளிம்பைக் குனிந்து பார்த்துச் சொல்லுங்கள். தினமும் ஓட்டும் கை அதற்குப் பழகிப்போயிருக்கும். உங்கள் காது இன்னும் பழகியிருக்காது.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன் எல்லாரும் பெட்ரோல் நிரப்புவோம், டச் அண்ட் கோ அட்டையில் பணம் போடுவோம், வழியில் எங்கே சாப்பிடுவது என்றும் முடிவு செய்துவிடுவோம். அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரில் ஏறப்போகும் நண்பர்களில் ஒருவரை வெளியே நிற்கச் சொல்லி, ஸ்டீரிங்கை இரண்டு விரலால் அசைத்துப் பாருங்கள். சக்கரம் உடனே அசைந்தால் நிம்மதியாகக் கிளம்புங்கள். அசையவில்லையென்றால் முதலில் பட்டறைக்குப் போங்கள். வீட்டுக்கு ஒரு நாள் தாமதமாகப் போனாலும் அம்மா சோறு எடுத்துவைத்திருப்பார்.